இறையிலி

கல்வெட்டியல் தாளை நடத்தத் தொடங்கும் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களுக்கு முதலில் நாம் அறிமுகப்படுத்தும் சொற்களில் ஒன்று 'இறையிலி'. இறை என்றால் வரி. வரி நீக்கப்பட்ட நிலம் இறையிலி. கோயிலுக்கு விடப்பட்ட தேவதானமும் சமணப் பள்ளிக்கு விடப்பட்ட பள்ளிச்சந்தமும் பெரும்பாலும் இவ்வகையின. சொல்லை விளங்கிக்கொள்வது எளிது. அதன் பின்னுள்ள கணக்கை விளங்கிக்கொள்ளச் சற்று நேரமாகும்.

சோழர் காலக் கல்வெட்டுகள் பலவற்றில், ஒரு நிலத்தை இறையிலியாக்க விரும்பும் கொடையாளர் ஊர்ச்சபையிடம் ஒரு தொகையை முன்னதாகவே செலுத்துகிறார். சபையார் அதைப் பெற்றுக்கொண்டு, அந்நிலத்துக்குரிய இறையைத் தாங்களே இறுப்பதாக ஒப்புக்கொள்கிறார்கள். நீக்கப்பட்ட வரியை யார் சுமக்கிறார் என்பதைக் கல் ஒளிப்பதில்லை. எதற்காக இந்த விலக்கு என்பதையும் அது சொல்லும்: விளக்கெரிக்க, திருவமுது படைக்க. எத்தனை காலத்துக்கு என்பதையும் சொல்லும்: சந்திராதித்தவற், அதாவது ஞாயிறும் திங்களும் உள்ளளவும்.

2026 பிப்ரவரியில் நடுவண் அரசின் வரவு செலவுத் திட்டம், ஒடிசா, கேரளம், ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய நான்கு மாநிலங்களில் அருமண் தனிமங்களுக்கெனத் தனி வழித்தடங்கள் அமைய உதவுவதாக அறிவித்தது. முக்கியக் கனிமங்களைப் பதப்படுத்தும் ஆலைகளுக்காக இறக்குமதியாகும் இயந்திரங்களுக்குச் சுங்க வரி விலக்கும் சொல்லப்பட்டது. அடுத்த வாரம் வகுப்பில், மணவாளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, இதுவும் இறையிலிதானே?" என்று கேட்டார். அவருடைய ஊர் மணலில் மோனசைட் இருப்பதை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909இல் கண்டறிந்தார். அங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலே அதற்குத் துப்பாக அமைந்தது என்பர். நூறாண்டுக்கு மேலாக மணலை அள்ளித் தருகிற ஊரின் பிள்ளை கேட்ட கேள்வி அது. உடனே ஆம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. விடை தேடியபோது, கடல் கடந்து மலேசியாவின் குவாந்தான் வரை செல்ல நேர்ந்தது.

லைனாஸ் என்ற ஆஸ்திரேலிய நிறுவனத்தின் சுரங்கம் மேற்கு ஆஸ்திரேலியாவில் மவுண்ட் வெல்ட் என்னுமிடத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே தோண்டிய தாதுவைப் பதப்படுத்தும் ஆலையைப் பகாங் மாநிலத்தில், குவாந்தானை அடுத்த கெபெங் தொழிற்பேட்டையில் அது நிறுவியது. அருகில் துறைமுகம், வேதித் தொழிற்சாலைகள். இவற்றுக்கு மேல், 'முன்னோடித் தகுதி' என்ற பெயரில் மலேசிய அரசு அளித்த 12 ஆண்டு வரி விலக்கு. 2012 இறுதியில் ஆலை இயங்கத் தொடங்கியது. தாதுவைக் கந்தக அமிலத்தோடு சேர்த்துச் சூளையிலிட்டு, நீரில் கரைத்து, வேண்டிய தனிமங்களைப் பிரித்தெடுத்த பின் எஞ்சுவது தோரியம் கலந்த சேறு. 2018இல் அரசு ஆய்வுக்குழு அமைத்த வேளையில் அது நான்கரை லட்சம் டன் அளவுக்குக் குவிந்திருந்தது. ஆலையின் செயல்பாட்டில் அபாயம் குறைவு என்றே அக்குழு கூறியது. எனினும் அந்தச் சேற்றை எங்கே வைப்பது என்ற கேள்வி தீரவில்லை. திருப்பி அனுப்பலாம் என்ற பேச்சு எழுந்தபோது, 2019இல் மேற்கு ஆஸ்திரேலிய அரசு ஏற்க மறுத்துவிட்டது. மண் போன இடத்துக்கு அதன் கசடு திரும்ப முடியவில்லை.

அம்மக்களின் அச்சத்துக்குப் பழைய காரணமும் உண்டு. பேரா மாநிலத்தில், ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் 1982இல் இயங்கத் தொடங்கிய அருமண் ஆலையை எதிர்த்து ஊரார் வழக்காடினர். 1992இல் உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது; 1993இல் மேல் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது; ஆயினும் 1994இல் ஆலை மூடப்பட்டது. கழிவை அகற்றிப் புதைக்கும் பணி அதன்பின் நெடுங்காலம் நீடித்தது.

தோரியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள். ஞாயிற்றின் முழு ஆயுளே 1,000 கோடி ஆண்டுகள்தான் என்கிறார்கள். இத்தனை மெல்லச் சிதைவதால் அதன் கதிர்வீச்சு வலுவற்றது என்பதையும் சொல்லியாக வேண்டும். பூதம் காட்டி அச்சுறுத்துவது நம் நோக்கமன்று. ஆனால் காவல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. கல்வெட்டில் விலக்கும் சந்திராதித்தவற், விளக்கும் சந்திராதித்தவற். கெபெங்கிலோ விலக்குக்கு 12 ஆண்டு. சந்திராதித்தவற் என்பது கழிவுக்கு மட்டும்.

இவ்வகைச் சலுகையே கூடாது என்று வாதிட நாம் முனையவில்லை. உலகின் அருமண் சுத்திகரிப்பில் பத்தில் ஒன்பது பங்கு சீனாவின் கையில் இருக்கிறது. 2025 ஏப்ரலில் ஏழு தனிமங்களின் ஏற்றுமதிக்கு அந்நாடு கட்டுப்பாடு விதித்தபோது, வாகன ஆலைகள் பல நாடுகளில் திணறின. மாற்று ஆலைகள் வேண்டும். தொடக்கத்தில் அவற்றுக்குக் கைகொடுக்கவும் வேண்டும். ஆஸ்திரேலியாவும் 2025இல் ஒரு சட்டம் இயற்றியது. 31 கனிமங்களைத் தன் மண்ணிலேயே பதப்படுத்துவோருக்கு, அச்செலவில் பத்தில் ஒரு பங்கு வரிச்சலுகையாகக் கிடைக்கும். 2027 ஜூலை தொடங்கி 2040 ஜூன் வரை, ஓர் ஆலைக்குப் பத்தாண்டுக்கு மிகாமல். வேலை நடந்த பிறகே சலுகை என்பது அதில் நமக்குப் பிடித்த கூறு.

நம் கரைக்கு வரவிருக்கும் வழித்தடத்துக்கும் சலுகைகள் எழுதப்படும். எழுதும்போது, பழைய சபையார் கல்லில் பொறித்த மூன்றையும் அவர்கள் எழுதட்டும்: நீக்கிய வரியை யார் ஈடு செய்கிறார், அதற்கு ஈடாக ஆலை ஊருக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறது, அக்கடமை எதுவரை. முக்கியமாக, கசட்டைக் காக்கும் செலவுக்கான தொகையைச் சலுகைக் காலத்திலேயே ஆலையிடமிருந்து பெற்று, ஊர் அறிய ஒதுக்கிவைக்க வேண்டும். சபையார் முன்தொகை பெற்ற முறை அதுதான். விலக்கு முடிந்த மறுநாள் நிறுவனம் வேறு கரைக்குப் போகலாம். மணவாளக்குறிச்சி போக முடியாது.

இம்மூன்றும் எழுதப்பட்டிருந்தால் அதை இறையிலி என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை. எழுதப்படாவிட்டால் அதற்கு வேறு சொல்தான் தேட வேண்டும்.