கமாவின் விலை என்ன ஸார்?

இங்கிலீஷில் நம்மை மிரட்டும் வில்லன் ஸ்பெல்லிங்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஸ்பெல்லிங் தப்பை கம்ப்யூட்டரே சிவப்புக் கோடு போட்டுக் காட்டிக் கொடுத்துவிடும். நிஜ வில்லன் வேறு. ஃபுல் ஸ்டாப்புக்கு வால் முளைத்த மாதிரி வரிக்கடியில் சாதுவாகத் தொங்கிக் கொண்டிருப்பாரே... மிஸ்டர் கமா!

பள்ளிக்கூடத்தில் இவரைப் பற்றி நமக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரே ஒரு விஷயம். 'கமா வந்தா கொஞ்சம் மூச்சு விடு, ஃபுல் ஸ்டாப் வந்தா நல்லா மூச்சு விடு.' பி.காம். படிக்கும்போது டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனேன். அங்கே மாஸ்டர் கூடுதலாக ஒன்று சொன்னார். 'கமாவுக்கு அப்புறம் ஒரு ஸ்பேஸ், ஃபுல் ஸ்டாப்புக்கு அப்புறம் ரெண்டு ஸ்பேஸ்.' ஆக, மூச்சு விடவும் கற்றுக் கொண்டோம், ஸ்பேஸ் விடவும் கற்றுக் கொண்டோம். கமாவை எங்கே போடுவது என்று மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை.

விளைவு? மூச்சு வாங்குகிற இடத்திலெல்லாம் ஒரு கமா. சில பேர் எழுதிய லெட்டரைப் படித்தால், மனுஷன் மூட்டையோடு மாடிப்படி ஏறிக்கொண்டே எழுதியிருப்பாரோ என்று பரிதாபமாக இருக்கும்.

நம்ம மேலும் ரொம்பத் தப்பில்லை ஸார். ஓலைச்சுவடியில் இந்த மாதிரி குறிகள் கிடையாது. அச்சுப் புத்தகம் வந்த பிறகு, 19-ம் நூற்றாண்டில்தான் தமிழ் உரைநடையில் இவை புழக்கத்துக்கு வந்தன. அதற்கு வழி காட்டியவர் என்று ஆறுமுக நாவலரைச் சொல்வார்கள். பெயர்களைப் பாருங்கள்: காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி. எவ்வளவு நேரம் நிறுத்துவது என்ற கணக்குதான் பெயரிலேயே இருக்கிறது.

தமிழுக்கு அது போதும். ஏனென்றால் நம் வார்த்தைகளுக்கு வால் உண்டு. 'அண்ணனும் தம்பியும்' என்றால் யார் யாரோடு சேர்த்தி என்பதை அந்த 'உம்'மே பார்த்துக் கொள்ளும். 'ஐ', 'ஆல்', 'கு' எல்லாம் மீதி வேலையைப் பார்க்கும். இங்கிலீஷ் வார்த்தைக்கு இவ்வளவு வால் இல்லை. அதனால்தானோ என்னவோ, புள்ளிக்கு வால் வைத்துவிட்டார்கள்! அங்கே கமா, மூச்சு விடுவதற்கு அல்ல. எது எதோடு சேரும், எது எதிலிருந்து பிரியும் என்று சொல்வதற்கு.

இது வெறும் இலக்கணம் என்று நினைத்தால், நான் முன்பு வேலை பார்த்த கம்பெனியின் கதையைக் கேளுங்கள். பெயர் வேண்டாம். மார்ச் கணக்கு முடிப்பதற்காக நாலு ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் வைத்தார்கள். நாற்பது பேரில் பதினோரு பேர் வந்தோம். தலைக்கு 2,000 ரூபாய் வீதம் 22,000 ரூபாய் மேலிடத்தில் சாங்ஷனும் ஆகிவிட்டது. பிறகு மானேஜர் சர்க்குலர் போட்டார். 'த ஸ்டாஃப், ஹூ வொர்க்ட் ஆன் சண்டேஸ், வில் பி பெய்ட் ஸ்பெஷல் அலவன்ஸ்.'

ஸ்டாஃபுக்குப் பிறகு ஒரு கமா, சண்டேஸுக்குப் பிறகு ஒரு கமா. வழக்கம் போல மூச்சு விட்டிருக்கிறார்.

மறுநாள் காலை, ஒரு ஞாயிறு கூட எட்டிப் பார்க்காத ஹெட் கிளார்க், ரென் அண்ட் மார்ட்டினைக் கையில் எடுத்துக் கொண்டு மானேஜர் ரூமுக்குள் போனார். 'கமா இல்லேன்னா, ஸ்டாஃபில் ஞாயிற்றுக்கிழமை வந்தவங்களுக்கு மட்டும்னு அர்த்தம். ரெண்டு பக்கமும் கமா இருந்தா, நடுவுல இருக்கறது சும்மா கூடுதல் தகவல். அதைத் தூக்கிட்டுப் படிங்க ஸார். ஸ்டாஃபுக்கு அலவன்ஸ் உண்டு. நாற்பது பேருக்கும்!'

இலக்கணப்படி அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நியாயப்படி சரியா என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன். மானேஜர் ரெண்டு நாள் யோசித்தார். எதற்கு வம்பு என்று 22,000 ரூபாயை நாற்பதால் வகுத்தார். தலைக்கு 550.

ஸ்டோர்ஸில் ஒரு பையன் இருந்தான். நாலு ஞாயிறும் தாம்பரத்திலிருந்து ரயில் பிடித்து, எல்லாருக்கும் முன்னால் வந்து கதவைத் திறந்து வைத்தவன். கவரை எண்ணிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான். 'அண்ணே, அந்தப் புள்ளி எதுக்குன்னே எனக்குத் தெரியாது. ஆனா அதோட விலை 1,450 ரூபாயாண்ணே?'

என்னிடம் பதில் இல்லை.

இதே கமா அமெரிக்காவில் தொழிலாளி பக்கம் நின்றிருக்கிறது. அங்கே மெய்ன் மாநிலத்தில் வாரம் நாற்பது மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்தால் ஒன்றரை மடங்கு ஓவர்டைம். ஆனால் கெட்டுப் போகக்கூடிய உணவுப் பொருட்களைப் பதப்படுத்துவது, உலர்த்துவது, சேமித்து வைப்பது போன்ற வேலைகளுக்கு அது கிடையாது என்று சட்டத்தில் ஒரு பட்டியல். அதன் கடைசியில், 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்' என்று இருந்தது. ஷிப்மென்ட்டுக்குப் பிறகு கமா இல்லை.

ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் கம்பெனியின் டிரைவர்கள் இதைப் பிடித்துக் கொண்டார்கள். 'கமா இல்லாததால் இது ஒரே வேலை. அனுப்பவோ விநியோகிக்கவோ பேக் செய்வது. நாங்கள் பேக் செய்வதில்லை, விநியோகம் மட்டும்தான். ஆகவே ஓவர்டைமை எடுத்து வையுங்கள்' என்றார்கள். 'இல்லை, பேக் செய்வது ஒன்று, விநியோகிப்பது இன்னொன்று' என்றது கம்பெனி. கீழ்கோர்ட்டில் கம்பெனிக்கு ஜெயம். 2017-ல் அப்பீல் கோர்ட், சட்டத்தின் வாசகம் தெளிவாக இல்லை, அதனால் தொழிலாளிக்குச் சாதகமாகத்தான் பொருள் கொள்ள வேண்டும் என்று திருப்பிப் போட்டது. 2018-ல் கம்பெனி 50 லட்சம் டாலருக்கு சமாதானமாகப் போனது. சட்டத்தையும் திருத்திவிட்டார்கள். இம்முறை பட்டியல் முழுக்க அரைப்புள்ளி! சூடு கண்ட பூனை.

சரி, நாம் என்ன செய்யலாம்? ஆபீஸ் லெட்டருக்கு மூன்றே விஷயம் போதும்.

ஒன்று: 'ஐ ஆம் டு இன்ஃபார்ம் யூ தட்' என்று எழுதிவிட்டு, 'தட்'டுக்குப் பிறகு பழக்க தோஷத்தில் ஒரு கமா போடுவோமே, அதை எடுத்துவிடுங்கள். 

இரண்டு: 'த மானேஜர் ஆஃப் அவர் மதுரை பிராஞ்ச்' என்று எழுவாய் எவ்வளவு நீளமாக இருந்தாலும், அதற்கும் வினைச்சொல்லுக்கும் நடுவில் ஒற்றைக் கமா போட்டுக் குடும்பத்தைப் பிரிக்காதீர்கள்.

மூன்று: வாக்கியத்தின் நடுவே ரெண்டு கமா போட்டால், அவை சூட்கேஸின் கைப்பிடி மாதிரி. பிடித்து நடுவில் இருப்பதைத் தூக்கிப் பாருங்கள். தூக்கிய பிறகும் நீங்கள் சொல்ல வந்த அர்த்தம் அப்படியே இருந்தால் கமா இருக்கட்டும். மாறினால், ரெண்டையும் எடுத்துவிடுங்கள்.

முக்கியமாக, உங்கள் ஆஃபர் லெட்டரையும் இன்க்ரிமென்ட் சர்க்குலரையும் இந்தக் கண்ணோடு ஒரு தடவை படியுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்.

இதெல்லாம் நமக்கு வராது என்று சொல்லாதீர்கள். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று எழுதி, சரியாக அந்த இடத்தில் கமா போட்டுவிட்டு, 'ஐ ஆம் அனேபிள் டு அட்டெண்ட் த ஸ்கூல்' என்று ஆறாம் கிளாஸிலேயே எழுதியவர்கள் நாம். லீவு கேட்கும்போது இவ்வளவு ஒழுங்காகப் போட்ட கமாவை, சம்பள விஷயத்திலும் கொஞ்சம் கவனித்தால் போதாதா ஸார்?