வயிற்றின் தீர்ப்பு

ஊரப்பாக்கத்தில் முதல் மின்சார ரயிலின் ஓசை கேட்டதும் எழுந்து, வெறும் வயிற்றில் இரண்டு டம்ளர் காபியை ஊற்றிக்கொண்டு கதை எழுத உட்காருவது என் பல வருஷத்து வழக்கம். ஏழு மணிக்கெல்லாம் மேல்வயிறு தணலாக எரியும். குற்றவாளி யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. என் மனைவியின் வத்தக்குழம்புதான்!

எத்தனை நாள் முகத்தைச் சுளித்துத் தட்டை நகர்த்தியிருப்பேன்! அவளும் வாய் பேசாமல் மிளகாயைக் குறைத்தாள், புளியை நிறுத்தினாள். கடைசியில் குடும்பமே மோர்ச்சாதம் சாப்பிட்டது. எரிச்சல் மட்டும் குறையவில்லை.

குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், "இரைப்பையில் நாள்பட்ட அழற்சி. ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியின் வேலை" என்றார். 1984-இல் பாரி மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய வைத்தியர் அந்தக் கிருமியைத் தாமே குடித்து, அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-இல் ராபின் வாரனுடன் நோபல் பரிசும் பெற்றார். எனக்கு 14 நாள் மருந்து. முழங்கால் வலிக்கு நானாக விழுங்கிவந்த மாத்திரைகளும் இரைப்பையைப் புண்ணாக்குபவை என்று நிறுத்திவிட்டார்.

"சாப்பாடு?" என்றேன்.

"காரம் இந்த நோயை உண்டாக்கவில்லை, புண்பட்ட இடத்தை உறுத்தும், அவ்வளவுதான். ஆறும்வரை இட்லி, குழைந்த சாதம், பாசிப்பருப்பு, சுரைக்காய் என்று கொஞ்சம் கொஞ்சமாக, வேளை தவறாமல் சாப்பிடுங்கள். வெறும் வயிற்றில் காபி வேண்டாம். சிகரெட்டும் மதுவும் கூடவே கூடாது. பால் குடித்தால் எரிச்சல் அடங்கினாற்போல் இருக்கும். பிறகு அமிலம் அதிகமாகச் சுரக்கும். மலம் தார்போல் கறுத்தால் அன்றைக்கே வந்துவிடுங்கள்."

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்படியானால் என் குழம்பு?"

"நிரபராதி" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. மறுநாள் விடியலில், காபிக்கு முன்னால் இரண்டு இட்லியைக் கொண்டுவந்து வைத்தாள்.