ரேடியேட்டர் தண்ணீர்



"சார், காரைக் கொடுக்கப் போறீங்களாமே?" என்று ஒரு வாரமாகப் பலர் கேட்கிறீர்கள். ஆமாம், கொடுக்கத்தான் போகிறேன். ஆனால் அதற்கு முன் ஒரு கணக்கை எழுதிவிட வேண்டும். கணக்கு வாத்தியார் அல்லவா!

2019இல் பணி ஓய்வு பெற்ற கையோடு வாங்கியது. 2007 மாடல் சின்னக் கார், 80,000 ரூபாய். மீட்டர் 58,000 கிலோமீட்டர் காட்டியது. "புதுசா எடுங்கப்பா, நான் பணம் அனுப்புறேன்" என்றான் மகன். கோவில்பட்டிக்குள் காய்கறி வாங்கப் போவதற்கும் மாதம் ஒரு தடவை திருநெல்வேலி போய் வருவதற்கும் புதுக் கார் எதற்கு என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

எல்லா பில்லையும் ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். முதல் வருடம் பேட்டரி 3,800, டயர் நான்கும் 10,800. அடுத்த வருடம் கிளட்ச் 5,500, டைமிங் பெல்ட் 2,000. இந்த பெல்ட் அறுந்தால் ஓடும் எஞ்சின் அப்படியே நின்றுவிடும். சில வண்டிகளில் வால்வும் வளைந்துவிடும். அதனால் பழைய வண்டி வாங்குகிறவர்கள், போன தடவை எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால் முதல் வேலையாக மாற்றிவிடுங்கள்.

2022இல் எஃப்.சி. அடியில் துருப்பிடித்த இடங்களை வெட்டி, பேட்ச் அடித்து, பெயிண்ட் பூச 7,500. பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் அந்த ஏப்ரல் 1 முதல் 600இலிருந்து 5,000 ஆகிவிட்டது. என் வண்டிக்கு 15 வயது நிறைந்தது ஜூனில். மார்ச்சில் பிறந்திருந்தால் 4,400 மிச்சம்! 2023இல் சஸ்பென்ஷன் புஷ், ஷாக் அப்சார்பர் வேலை 6,800, ஏசி காயில் 6,200. இந்த வருடம் சைலன்சர் 2,400.

ஒரு வருடத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

2021 டிசம்பர். இரவு பத்து மணிக்கு மேல் வீட்டம்மாவுக்கு மூச்சுத் திணறல். உள்ளூர் டாக்டர் உடனே திருநெல்வேலிக்குக் கொண்டுபோகச் சொன்னார். கயத்தாறு தாண்டியதும் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. பானெட்டிலிருந்து ஆவி. ஓரம் கட்டினேன். பின் சீட்டில் அவள் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்கிறது. கையைக் காட்டிய வண்டிகள் நிற்கவில்லை. இருபது நிமிடம் கழித்து ஒரு பால் வேன்காரர் நிறுத்தி, ஒரு வார்த்தை கேட்காமல் ஏற்றிக்கொண்டார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர் புண்ணியத்தில்தான் அவள் இன்று அடுப்படியில் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் என்னிடம் படித்த மெக்கானிக் தம்பி வண்டியை இழுத்து வந்து ஆயில் மூடியைத் திறந்து காட்டினான். உள்பக்கம் காப்பியில் ஆடை படிந்தது போல இருந்தது. "ஹெட் கேஸ்கட் போயி ஆயில்ல தண்ணி கலந்திருக்கு சார். இது ரொம்ப நாள் சீக்கு" என்றான். சூட்டில் ஹெட்டும் வளைந்திருந்தது. லேத்தில் கொடுத்து ஃபேசிங் செய்து, கேஸ்கட் மாற்றியதற்கு 10,000. அடைத்துப்போன ரேடியேட்டருக்கு 3,500.

அப்போதுதான் நினைவு வந்தது. விற்றவர் சாவியைக் கொடுக்கும்போது, "ரேடியேட்டர்ல தண்ணி மட்டும் அப்பப்பப் பாத்துக்கோங்க சார்" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. பொய் சொல்லவில்லை, பாதியைச் சொன்னார். முப்பது வருடம் உங்களையெல்லாம் "ஏன் என்று கேளுங்கள்" என்று படுத்திய நான், அன்றைக்கு ஏன் என்று கேட்கவில்லை.

மொத்தம் கூட்டினால் 63,500. ஐந்து வருடத்துக்கு, மாதம் ஆயிரத்துச் சொச்சம். ஆயில், இன்சூரன்ஸ் தனி. புதுக் காரின் தவணையோடு ஒப்பிட்டால் நஷ்டம் என்று சொல்ல மாட்டேன். அந்த இருபது நிமிடத்தை எந்தப் பத்தியில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். அப்பாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். "சார் வச்சிருந்த வண்டின்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம், 60,000 தர்றேன்" என்றாள். எனக்கு சந்தோஷம்தான். ஆனால் பத்து நாளாகக் காலையில் பார்க்கும்போது ரேடியேட்டரில் தண்ணீர் ஒரு விரல்கடை குறைகிறது. தரையில் சொட்டு இல்லை. புரோக்கரிடம் விட்டால் எதுவும் கேட்காமல் 55,000 தருவார். அவர் யாருக்கு விற்பார்? அதுவும் யாரோ ஒருவர் வீட்டு வாசலுக்குத்தானே போகும்?

அவளைத் திரும்பக் கூப்பிட்டு, கயத்தாறு கதையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே சார்" என்றாள். "அதனாலதாம்மா சொல்றேன்" என்றேன். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

வண்டி இப்போது மெக்கானிக் தம்பி ஷெட்டில் நிற்கிறது. வாட்டர் பம்ப் கசிவு என்றால் என் செலவில் சரிசெய்து, அவளுக்கு 45,000க்குக் கொடுப்பேன், நோட்டோடு. மறுபடி ஹெட் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகிற வீட்டுக்கு அதைக் கொடுக்க மாட்டேன்.

பழைய கார் பார்க்கப் போகிற பிள்ளைகளே, எஞ்சின் ஆறியிருக்கும்போது போங்கள். சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், கால்மிதியைத் தூக்கித் துரு பாருங்கள், ஆர்.சி.யில் எஃப்.சி. தேதியைப் பாருங்கள். விற்கிறவர் "இது மட்டும் பாத்துக்கோங்க" என்று சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.

ஷெட்டிலிருந்து போன் வந்ததும் கமெண்டில் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்