பிழையறியா ஒளி

எமது ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு உருக்குத் தகட்டில் பெயரெழுத்துகளை வெட்டுவிப்பதற்காக, கொழும்பின் புறநகரிலுள்ள பட்டறையொன்றுக்கு அண்மையில் சென்றிருந்தேன். பெயரைக் கணினியில் தட்டெழுதிக் கொடுத்தவன் நானே.

லேசர் ஒளியை முதன்முதலில் 1960 மே 16ஆம் திகதி கலிபோர்னியாவிலே தோற்றுவித்தவர் தியோடர் மைமன். 1964இல், இந்தியாவிற் பிறந்த குமார் பட்டேல் அமெரிக்காவில் காபனீரொட்சைட்டு லேசரை உருவாக்கினார். 1967இல் இங்கிலாந்தில் பீற்றர் ஹோல்ட்குரொஃப்ட், அவ்வொளியோடு ஒட்சிசனையும் செலுத்தி ஒரு மில்லிமீற்றர் உருக்குத் தகட்டை வெட்டிக் காட்டினார். ஒளி இரும்பைச் சூடாக்க, ஒட்சிசன் அதனை எரித்து, உருகியதை ஊதித் தள்ளும். துருப்பிடிக்காத உருக்காயின், விளிம்பு கருகாதிருக்க நைதரசனைச் செலுத்துவர்.

நான் கண்டது பின்னாளில் வந்த ஒளியிழை லேசர். அதன் கதிர் கண்ணுக்குப் புலப்படாது. தீப்பொறிகள் மாத்திரமே தெரியும். சில நிமிடங்களில் எழுத்துகள் யாவும் வெட்டுண்டு கிடந்தன. அரத்தால் ராவவேண்டிய விளிம்பு ஒன்றேனும் இல்லை.

அவற்றை அடுக்கிப் பார்த்தபோதுதான் திடுக்கிட்டேன். ‘நிலையம்’ என்பதில் இணைக்கொம்பைக் காணவில்லை. ‘நிலயம்’ என்றே தட்டெழுதியிருந்தேன். இயந்திரத்தை இயக்கிய இளைஞர் தமிழ் வாசிக்கத் தெரியாதவர், அவர்மீது குற்றமில்லை. ஒளியோ, கொடுத்த வரைபடத்தை அணுவும் பிசகாது வெட்டியிருந்தது. என் பிழையையும் அவ்வாறே.

அப்போது, நான் பணியாற்றிய பத்திரிகையின் அச்சுக்கோப்பாளர் ஒருவர் நினைவுக்கு வந்தார். ஈய எழுத்துகளைத் தலைகீழாக வாசித்துக் கோத்தவர். “தம்பி, இந்தச் சொல் இப்பிடி வராது” என்று என் பிரதியோடு மேசைக்கு வந்து நிற்பார். எத்தனையோ நாள்கள் என் மானத்தைக் காத்தவர். கணினி வந்ததும் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊரார் வேலையிழந்த கதைகளையெல்லாம் எழுதிய நான், அவருக்காக ஒரு வரிகூட எழுதவில்லை. புதிய எழுத்துருக்களின் அழகில் மயங்கியிருந்தேன்.

இயந்திரம் வந்ததில் எனக்கு வருத்தமில்லை. அவர் செய்த வேலை எழுத்துக் கோப்பது மாத்திரமே என்று எண்ணிவிட்டோமே, அதுதான் வருத்தம்.

இரண்டாவது தகட்டுக்கும் பணம் கட்டினேன். இம்முறை பெயரைத் தாளில் அச்சிட்டு, எழுத்தெழுத்தாக உரக்க வாசித்த பின்னரே கொடுத்தேன்.