அக்டோபர் 21, ஆவடிக்கும் சொந்தமான நாள்

ஆவடி சிஆர்பிஎஃப் வளாகத்தையும் சிறப்புக் காவல் படைக் குடியிருப்புகளையும் கடந்துதான் நம்மில் பலர் தினமும் வேலைக்குப் போகிறோம். அங்கிருந்து கிளம்புகிறவர்கள் எந்தெந்த ஊர்களுக்கு அனுப்பப்படுகிறார்கள் என்று நாம் அதிகம் நினைப்பதில்லை.

1959 அக்டோபர் 21. லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ். காணாமல் போன சக வீரர்களைத் தேடிச் சென்ற காவலர்கள்மீது சீனப் படையினர் சுட்டார்கள். 10 பேர் உயிர்நீத்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் ஆண்டுதோறும் இந்த நாளைக் காவலர் வீரவணக்க நாளாக நாடு முழுவதும் கடைப்பிடிக்கிறோம்.

2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் சிஆர்பிஎஃப் வாகன வரிசைமீது நடந்த தாக்குதலில் வீரர்கள் 40 பேரை இழந்தோம். தூத்துக்குடி மாவட்டத்துச் சுப்பிரமணியன், அரியலூர் மாவட்டத்துச் சிவசந்திரன் இருவரும் நம் மண்ணின் பிள்ளைகள். அந்த வாகன வரிசையில் இருந்த பலர் விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள்.

ராணுவ வீரருக்குத் தரும் அதே மரியாதை இவர்களுக்கும் உரியது. அக்டோபர் 21 அன்று உங்கள் பிள்ளைகளிடம் இந்தப் பெயர்களைச் சொல்லுங்கள். பக்கத்துத் தெருவில் சீருடைப் பணியில் ஒருவரை இழந்த குடும்பம் இருந்தால், நேரில் போய் நலம் விசாரியுங்கள். அந்த வீட்டுக்குத் தேவைப்படும்போது கூடவே நில்லுங்கள்.

வீரவணக்கம்.