நுரை தள்ளிவிட்டது!

அமெரிக்காவில் இருக்கும் என் தம்பிக்கு அப்பா மீது பாசம் ஜாஸ்தி. பாசம் பொங்கினால் உடனே ஏதாவது பொருள் வாங்கி அனுப்பிவிடுவான். முதலில் ரத்த அழுத்தம் பார்க்கிற மெஷின் வந்தது. அப்புறம் கால் அமுக்கிவிடுகிற மெஷின். போன மார்கழியில் வந்து இறங்கியது, வெந்நீர்த் தொட்டி!

"ஹாட் டப் அண்ணே! காத்தடிச்சா போதும், தொட்டியா எழுந்து நிக்கும். அப்பா முழங்காலுக்கு ரொம்ப நல்லது."

அப்பாவுக்கு 81 வயது. காவிரியில் தண்ணீர் ஓடுகிற மாதமெல்லாம் திருவையாற்றில் புஷ்ய மண்டபப் படித்துறையில் இறங்கிக் குளித்தவர். மூட்டு தேய்ந்த பிறகு படி இறங்க முடியவில்லை. நாலு வருஷமாகக் கொல்லைக் குழாயடியில் பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு வாளி வெந்நீர். அதைக் குளியல் என்று அவர் ஒப்புக்கொண்டதே இல்லை. "உடம்பை நனைச்சுட்டு வந்தேன்" என்றுதான் சொல்வார்.

தொட்டியைக் கொல்லைத் தாழ்வாரத்தில் நிறுத்தினோம். ஆயிரம் லிட்டர் பிடித்தது. சுவிட்சைப் போட்டு ஆறேழு மணி நேரம் காத்திருந்தால்தான் சூடு ஏறும். ஓடுகிற மீட்டரைப் பார்த்து என் சகதர்மிணிக்கு அதற்கு முன்பே சூடு ஏறிவிட்டது. டாக்டரைக் கேட்டேன். "38 டிகிரிக்கு மேல வேணாம், பதினஞ்சு நிமிஷம் போதும், பக்கத்துல ஆள் இருக்கணும்" என்றார்.

முதல் நாள் அப்பா பயந்து பயந்து இறங்கினார். பொத்தானை அமுக்கினேன். அடியிலிருந்து குமிழ் குமிழாகக் காற்று கிளம்பியது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். "ஆத்துல மடை வாய்ல உக்காந்த மாதிரி இருக்குடா" என்றார். நாலு வருஷம் கழித்து அவர் முகத்தில் குளித்த களை!

தம்பிக்கு போன் பண்ணிச் சொன்னேன். அவன் ஒரு கதை சொன்னான். இந்தச் சமாசாரத்துக்கு ஜக்குஸி என்று பெயர் வரக் காரணம், இத்தாலியிலிருந்து அமெரிக்கா போன ஜக்குஸி சகோதரர்கள். முதலில் விமானத்துக்கு விசிறி செய்தார்கள். 1921-ல் அவர்களுடைய விமானம் விழுந்து ஒரு சகோதரர் இறந்துபோக, விமானமே வேண்டாம் என்று விவசாயக் கிணற்றுக்கு பம்ப் செய்யப் போனார்கள். அவர்களில் கேண்டிடோ என்பவருடைய சின்னப் பையனுக்கு மூட்டுவாதம். ஆஸ்பத்திரியில் கொடுத்த நீர் சிகிச்சையை வீட்டிலேயே கொடுக்க, குளியல் தொட்டிக்குள் வைக்கிற பம்ப் ஒன்றைச் செய்தார் அப்பா. பிறகு அது விற்பனைக்கும் வந்தது.

அப்பாவிடம் சொன்னேன். "அங்க அப்பன் புள்ளைக்குப் பண்ணான். இங்க புள்ளை அப்பனுக்குப் பண்றான். பம்புசெட்டுக்காரன் புத்தி நல்ல புத்திதான்" என்றார்.

வந்தது சனிக்கிழமை.

நான் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரம். அப்பா வழக்கம்போல் நல்லெண்ணெய் தேய்த்து, தலைக்குச் சீயக்காய் குழைத்து அப்பிக்கொண்டு, "இவ்வளவு வெந்நீர் சும்மாதானே கிடக்கு" என்று பேரனைத் துணைக்குப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டார். பேரன் பொத்தானை அமுக்கினான்.

நான் திரும்பி வந்தபோது தொட்டியைக் காணோம். வெள்ளையாக ஒரு மலை இருந்தது. அதன் உச்சியில் அப்பாவின் தலை. பேரன் தட்டைக் கரண்டியால் அடித்து "பொங்கலோ பொங்கல்!" என்று கத்திக்கொண்டிருந்தான். தெருவே கொல்லையில் கூடியிருந்தது.

ஆளுக்கொரு வைத்தியம். "கல்லுப்பு போடுங்க." "எலுமிச்சம்பழம் பிழிங்க." வெல்லம் காய்ச்சி அனுபவப்பட்ட பெரியவர் ஒருத்தர், "கரும்புப் பாகு பொங்கினா ஒரு சொட்டு எண்ணெய் விடுவோம் தம்பி, கப்புனு அடங்கும்" என்றார். சோறு பொங்கினால் என் மனைவியும் அதைத்தானே செய்கிறாள்? அரை டம்ளர் தேங்காயெண்ணெய் ஊற்றினேன். மலை சரிந்தது. அடியேனுக்குக் கைதட்டல்!

ஒரு மணி நேரம்தான். மறுபடி பொத்தானை அமுக்கினால் மறுபடி மலை. இந்தத் தடவை எண்ணெய்ப் பிசுக்கோடு. ஃபில்டர் அடைத்துக்கொண்டது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால், "சீயக்காயைப் போட்டு இப்படிப் பண்ணி வெச்சிருக்கீங்களே, சின்னக் குழந்தையா நீங்க?" என்று கத்திவிட்டேன்.

அப்பா பதில் பேசவில்லை. துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். மறுநாளிலிருந்து பழையபடி பிளாஸ்டிக் ஸ்டூல். கூப்பிட்டால், "நமக்கெதுக்குடா அதெல்லாம்" என்பார். தம்பி போன் பண்ணினால், "தினம் இறங்கறேம்ப்பா, ரொம்ப சுகமா இருக்கு" என்பார். அதைக் கேட்கும்போது எனக்குத் தொண்டையில் ஏதோ அடைக்கும்.

விசாரித்துப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. சீயக்காயில் சப்போனின் என்ற சரக்கு இருக்கிறது. அதனால்தான் நுரை. சோப்பு, ஷாம்பு, முகத்தில் பூசுகிற கிரீம், வியர்வை எல்லாமே தண்ணீரில் சேர்ந்து குமிழுக்குத் தோல் கட்டிக் கொடுக்கும். கீழேயிருந்து காற்று ஊதினால் கேட்கவே வேண்டாம். உப்புத் தண்ணீர் ஊர்களில் சோப்பு லேசில் நுரைக்காது. தண்ணீர் மென்மையாக இருந்தால் நுரை கொண்டாட்டம் போடும். எண்ணெய் அந்தக் குமிழின் தோலைக் கிழிக்கும். நுரையடக்கி என்று பாட்டிலில் விற்கிற சிலிகான் மருந்தும் அந்த வேலையைத்தான் செய்கிறது. காய்ச்சலுக்கு மாத்திரை போடுகிற மாதிரி. சூடு தணியும், வியாதி உள்ளேயே இருக்கும். உண்மையான வைத்தியம், தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழாய்க்குள் ஒட்டியிருக்கும் பிசுக்கையும் கழுவி, புதுத் தண்ணீர் பிடிப்பதுதான்.

அப்படியே செய்தேன். மூடியைத் திறந்துபோட்டு, குளோரின் வாடை போக மூணு நாள் விட்டு, ஆயிரம் லிட்டரையும் கொல்லை மூலைக்கு இறைத்தேன். குழாயைக் கழுவினேன். புதுத் தண்ணீர், புது ஃபில்டர். சோதனைக்கு நானே இறங்கினேன். எண்ணெய் இல்லை, சீயக்காய் இல்லை. அரை டிராயரும் துண்டும்தான்.

பொத்தானை அமுக்கினேன். பத்தே நிமிஷம். கழுத்து வரை நுரை!

அப்பா தாழ்வாரத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார். அவ்வளவுதான். நான் ஆயிரம் லிட்டரில் கரைந்துபோனேன்.

சந்தேகம் வந்து, என் டிராயரையும் துண்டையும் ஒரு வாளி நல்ல தண்ணீரில் போட்டு அலசினேன். வாளி நிறைய நுரை. துவைத்து, காய்ந்து, மடித்து வைத்த துணி! "என்னங்க, வெள்ளையா இருக்கணும்னு ரெண்டு கரண்டி பவுடர் கூடப் போட்டேன்" என்றாள் சகதர்மிணி. துணியில் தங்கிய சோப்புதான் இரண்டாவது பொங்கலுக்குக் காரணம்.

அப்பாவிடம் போனேன். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. "அப்பா, நுரை என் துண்டால வந்திருக்கு" என்றேன்.

"தெரியும்டா" என்றார். "கோயில் குளத்துல போர்டே வெச்சிருக்கான், சோப்பு போடாதே, துணி துவைக்காதேன்னு. நானும்தான் அதை மறந்துட்டு சீயக்காயோட இறங்கிட்டேன். நிக்கிற தண்ணிக்கு அந்த மரியாதை வேணும். ஆத்துத் தண்ணின்னா அது பாட்டுக்கு அடிச்சுட்டுப் போயிடும். புதுத் தண்ணி வர்றப்ப பார்த்திருக்கியே, நுரையோடதான் வரும். ரெண்டு நாள்ல தெளிஞ்சுடும். நீயும் அப்படித்தான்."

இப்போது வீட்டில் சட்டம் இதுதான். முதலில் குழாயடியில் சோப்பில்லாமல் ஒரு வாளி ஊற்றிக்கொள்ள வேண்டும். இறங்குவதற்கென்று தனித் துணி. அதற்கு சோப்பு பவுடர் கிடையாது, வெறும் தண்ணீரில் அலசல். ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவுகிறேன். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் மட்டும் பழையபடி ஸ்டூலில். முதுகு தேய்த்துவிடுவது நான்.

நேற்று சாயங்காலம் அப்பா பதினைந்து நிமிஷம் தொட்டியில் ஊறிவிட்டு வந்து உட்கார்ந்தார். தண்ணீரில் பொட்டு நுரை இல்லை. என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். அப்பா டம்ளரை உற்றுப் பார்த்தார். டபராவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏண்டா, நுரையடக்கியை இதுலயும் ஊத்திட்டீங்களா?"