புழுவுக்கு மருந்து இருக்கிறது, மேய்க்க நிலம்?

"ஆடு வளர்ப்போருக்கு விழிப்புணர்வு போதாது." இந்த வாக்கியத்தை நாங்கள் பல கூட்டங்களில் கேட்டுவிட்டோம். குடற்புழு நீக்க மருந்தை ஒழுங்காகக் கொடுப்பதில்லையாம், சொன்ன ஆலோசனையைக் கேட்பதில்லையாம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலிருக்கும் சீரங்கத்திலும், திருச்சியைச் சுற்றியுள்ள சேரிகளிலும் ஆடு மேய்க்கும் எங்கள் சனங்களைப் பற்றிய பேச்சு இது.

எங்களுக்குப் புழுவைத் தெரியும். ஆட்டின் நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் புழு ஒன்று நாளொன்றுக்கு சுமார் 0.05 மில்லி உறிஞ்சும். ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி போயிற்று. ஆடு வெளுத்து, தாடைக்குக் கீழே நீர் கோத்துச் சாகும். அதோடு பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் போகும். எங்களுக்கு ஆடுதான் வங்கி.

இனி ஆலோசனைக்கு வருவோம். பனி காய்ந்தபின் மேய்க்க வேண்டும், ஏனென்றால் புழுவின் குஞ்சு ஈரப் புல்லில் ஏறி நிற்கும். நத்தை வழியாகத் தட்டைப்புழு வரும் என்பதால் வாய்க்கால் ஓரம் கூடாது. மேய்ச்சல் நிலத்தைப் பிரித்து மாற்றி மாற்றி மேய்க்க வேண்டும். அத்தனையும் சரியான அறிவியல். ஆனால் எந்த நிலத்தைப் பிரிப்பது? வயலும் வாழைத்தோட்டமும் யாருடையவை? எங்களுக்கு மிஞ்சியது வாய்க்கால் கரையும் புறம்போக்கும்தான். 2011-இல் தமிழக அரசு ஏழைக் குடும்பத்துக்கு நான்கு ஆடு கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஆடு வந்தது, மேய்க்க நிலம் வரவில்லை.

வாரத்துக்கு வளர்ப்பவர் நிலை இன்னும் மோசம். ஆடு ஒருவருடையது, பாடு இன்னொருவருடையது. மருந்துச் செலவு யார் தலையில் என்று பேசி முடிப்பதற்குள் ஆடு படுத்துவிடும். பயிற்சி வகுப்பு பகலில் நடந்தால் ஒரு நாள் கூலி போகும். இருக்கிற மருந்தை எல்லா ஆட்டுக்கும் பாதிப் பாதியாகப் பங்கிடுவதும் இப்படித்தான் நடக்கிறது. அரை அளவு மருந்தில் பிழைத்த புழு அடுத்த தலைமுறையில் மருந்துக்கே அசராது. அந்த நட்டமும் எங்களுக்குத்தான்.

தோழர்களே, காத்திருக்காமல் செய்யக்கூடியதும் உண்டு. ஆட்டின் கீழ் இமையைப் புரட்டிப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் நல்லது, வெளுத்திருந்தால் இரத்தசோகை. தென்னாப்பிரிக்காவில் இதையே ஐந்து நிற அட்டையாக்கி, தேவைப்படும் ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுக்கிறார்கள். எங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகள் தெருத்தெருவாக இமை பார்த்துக் குறித்து வருகிறார்கள். வெளுப்புக்கு வேறு காரணமும் இருக்கலாம் என்பதால், குறிப்போடு சாணத்தையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போகிறோம். எடைக்கேற்ற அளவையும், சினை ஆட்டுக்கு எந்த மருந்து ஆகாது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்கிறோம்.

கூடவே மனுவும் கொடுக்கிறோம். மருத்துவ முகாம் ஊர்த்தெருவோடு நிற்காமல் சேரிக்குள் வரட்டும், பயிற்சி மாலையில் நடக்கட்டும், பெண்களையும் அழைக்கட்டும், புறம்போக்கில் மேய்க்கும் உரிமை எழுத்தில் கிடைக்கட்டும். ஆலோசனையை ஏன் ஏற்கவில்லை என்று எங்களைக் கேட்குமுன், அதை ஏற்க எவ்வளவு நிலம் வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்.